பால் காய்ச்சின வண்டி

ஒரே ஒரு வண்டி, அதுக்கு ஒரே ஒரு கதவு, அந்தக் கதவ எந்த ஊர்ல நின்னு தொறந்தாலும் வெளிய எங்க ஷெட்டுதான் இருக்கும். இதாங்க நடந்தது. திருச்செங்கோட்டுல எங்க வீதியில யாரக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க, சொல்லிட்டு, "அடுத்து எப்பங்க பெல்லாரிப் பக்கம் போறீங்க, வெங்காயம் தீந்துருச்சு"ன்னு வேற கேப்பாங்க.

எங்கப்பா பேரு நாச்சிமுத்து, போர்வெல் ரிக் வெச்சிருந்தவர். எங்க ஊர்ல ரிக் வண்டியில ஏறிப் போனவங்க மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு ஊர் ஊரா ஓட்ட போட்டு தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, எட்டு மாசம் கழிச்சு வந்து பெத்த கொழந்தைக்கே யாருன்னு தெரியாம நிப்பாங்க. அப்பாவுக்கு அது பிடிக்கல, கட்டின பொண்டாட்டியையும் கூடவே கூட்டிட்டுப் போவேன்னு சொல்லி, எழுவத்தொம்பது மாடல் லாரி சேஸ் ஒண்ண வாங்கி, கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில விட்டு, தேக்குல சட்டம் அடிச்சு, அலுமினியத் தகடு போத்தி, உள்ள ரெண்டு கட்டில், சமையல் மேடை, ஒரு ஆள் நின்னு குளிக்கற அளவுக்கு பாத்ரூம், கொழந்தைக்குத் தூரி கட்ட ஒரு கொக்கி, இடது பக்கம் பச்சக் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல்னு ஒரு வீட்டையே சக்கரத்துல ஏத்திட்டாரு. எங்கம்மா பாவாயி அந்த ஜன்னல்கிட்ட உக்காந்துதான் பாதி இந்தியாவப் பாத்தாங்க. எங்கக்கா பூங்கோதை நடக்கப் பழகினதே அதுக்குள்ளதான், ஓடற வண்டியில நடக்கப் பழகினவங்கறதால இன்னிக்கும் அவ தரையில நடக்கறப்போ லேசா கால அகட்டித்தான் வெப்பா.

எனக்கு மூணு வயசு, அக்காவுக்குப் பத்து வயசு ஆனப்போ, மத்தியப் பிரதேசத்துல பேத்தூலுக்கு அக்கட்ட ஏதோ ஒரு காட்டுல அப்பா ரிக்கோட எட்டு கிலோமீட்டர் தள்ளி நிக்க, அம்மா காய்ச்சலோட வண்டியில இருந்தாங்க. அவர் திரும்பி வந்தப்போ கதவு தொறந்தே இருந்துச்சு, அம்மா வாசப்படியில சாஞ்சு உக்காந்து ரோட்டப் பாத்த மாதிரியே இருந்தாங்க, ஆனா பாக்கல. அப்பா வண்டிய ஊருக்குக் கொண்டாந்து ஷெட்டுல ஏத்தி, பூட்டு போட்டு, சாவிய சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சாரு. இருவத்தோரு வருசம் அந்தப் பூட்ட யாரும் தொடல.

அக்கா கல்யாணம் ஆகி மூணே வருசத்துல ஒரு சூட்கேஸோட திரும்பி வந்தா. ஏன்னு அப்பா கேக்கவே இல்ல, அது நல்ல மனசு. ஆனா குலதெய்வம் கோயில்ல போயி, இனி எம்பொண்ணு எங்கூட்ட விட்டு வெளிய ஒரு நாள்கூட தங்க மாட்டான்னு சத்தியம் பண்ணிட்டு வந்துட்டாரு, அதுதான் பிரச்சன. அவர் திட்டமாட்டாரு, அடிக்கமாட்டாரு, பூட்டிவெக்கமாட்டாரு. சாப்பிடாம இருப்பாரு. ஒருக்கா அக்கா சென்னைக்கு வேலைக்குன்னு ரயில் ஏறினா, இவரு தட்டுக்கு முன்னாடி உக்காந்து சோத்தையே பாத்துட்டு ரெண்டு நாள் இருந்தாரு, நான் போன் பண்ணிச் சொல்ல, அவ போய் இறங்கின கையோட அடுத்த ரயிலப் பிடிச்சுத் திரும்பி வந்துட்டா. வந்தவள இவரு பக்கத்துல உக்கார வெச்சு ஊட்டிவிட்டாரு, முப்பது வயசுப் புள்ளைக்கு. அவளும் வாயத் தொறந்தா.

அப்பறம் நாக்பூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில இருந்து அவளுக்கு லேப் டெக்னீசியன் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு, ஜூலை பத்துக்குள்ள சேரணும். வண்டியில சுத்தறப்போ கத்துக்கிட்ட இந்தி, படிச்ச படிப்பு எல்லாம் அதுல சேந்து வந்துருந்துச்சு. அவ அந்த லெட்டர நாலா மடிச்சு மூக்குக்கண்ணாடி டப்பாவுல போட்டு வெச்சுட்டா, பேசவே இல்ல. நான்தான், வண்டின்னா பைத்தியம் பிடிச்சவன், பழைய வண்டி எங்க கிடந்தாலும் போயி தடவிப் பாக்கறவன், ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்போ சொல்லிட்டேன்.

"அப்பா, ஷெட்டுல நிக்கறது வீடு தானுங்களே? அதுலயே போயி அதுலயே தங்கினா, வீட்ட விட்டுப் போன மாதிரி ஆகாதில்லீங்க?"

அப்பா கையில இருந்த சோத்த ரொம்ப நேரம் உருட்டிட்டே இருந்தாரு. "வீடுதான்டா. உங்கம்மா இருந்த வீடு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி சாவிய எடுத்துட்டு வந்தாரு.

அய்யோ, அந்தக் கதவு தொறந்த அன்னிக்கு நான் தூங்கவே இல்லீங்க. ஒயரிங் பூராம் எலி தின்னுருச்சு, டீசல் டேங்குக்குள்ள துரு களி மாதிரி நிக்குது, பிளைவுட்டு தொட்டா மாவாகுது, டயர் தரையோட ஒட்டிக் கெடக்குது, ஆனா அந்தத் தேக்குச் சட்டம் மட்டும் ஒரு பொத்தல் இல்லாம அப்பிடியே நிக்குது, பச்சக் கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. சிக்கந்தர் பாய்தான் எங்கூர்ல பழைய இஞ்சினுக்கு டாக்டரு. அவரும் நானும் மூணு மாசம் அதுலயே கெடந்தோம். இஞ்சின எறக்கி, பிஸ்டன் ரிங் மாத்தி, பம்ப சர்வீஸுக்கு விட்டு, பிரேக்குக்குப் புதுசா லைன் இழுத்து, தகடத் தட்டி, ரிவிட் அடிச்சு, வெள்ளையும் நீலமுமா பழைய பெயிண்ட்டையே தேடி அடிச்சு, கடைசியா டீசல் லைன்ல ஏர் எடுத்து செல்ஃப் அடிச்சப்போ, அது ஒரு தடவ இருமி, ரெண்டு தடவ இருமி, வீதி பூராம் கருப்பா பொகையக் கக்கிட்டு, தட தடன்னு பிடிச்சுக்கிச்சு. சிக்கந்தர் பாய் பொகைக்குள்ள நின்னு கண்ணத் தொடச்சுட்டே, "டீசல் பொகடா, வேற ஒண்ணுமில்ல"ன்னாரு.

அப்பா ரெண்டே ரெண்டுதான் கேட்டாரு. ஒண்ணு, வீடுன்னா ஜன்னலுக்கு கிரில் இருக்கோணும், ஒண்ணு விடாம எல்லாத்துக்கும், டிரைவர் ஜன்னலுக்கும் சேத்து. நானே வெல்டிங் வெச்சேன், பத்து எம்எம் கம்பி, நல்லா நின்னு நிதானமா வெச்சேன், பெருமையா வெச்சேன். இன்னொண்ணு, பூஜை.

எங்கூர்ல வண்டி மொத மொதல்ல ஷெட்ட விட்டு எறங்கறப்போ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கணும், அதுதான் மொற. சிக்கந்தர் பாய் ஜோப்புல ஆறு பழம் போட்டு எடுத்துட்டே வந்துருந்தாரு. அப்பா வேண்டாம்னுட்டாரு. "வீடுன்னு சொல்லித்தான கெளம்பறோம், அப்பறம் வீட்டுக்கான மொறையச் செய்யோணும். ஒரே பொருளுக்கு ரெண்டு பூஜை ஆகாது." நிலைக்கு மஞ்சக் குங்குமம் வெச்சு, மாவெலத் தோரணம் கட்டி, சமையல் மேடையில அடுப்பப் பத்த வெச்சு, அம்மாவோட பழைய பித்தளச் சொம்புல பால் ஊத்தி, அது கெழக்க பாத்து பொங்கி வழியறப்போ வீதிப் பொம்பளைங்க எல்லாம் குலவ போட்டாங்க. பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா, "குடி வந்தாச்சு"ன்னு சொல்லி எல்லாருக்கும் டம்ளர்ல பால் குடுத்தாங்க. ஆறு எலுமிச்சம்பழமும் பாய் ஜோப்புலயே இருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானமே ஒரு ஓட்டம் பாக்கலாம்னு நானும் அக்காவும் சங்ககிரி வரைக்கும் போனோம். வண்டி என்னா போக்குங்கறீங்க, வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி. டீக்கட முன்னாடி நிறுத்தி, தாழ்ப்பாள எடுத்து, கதவத் தொறந்து, படியில கால வெச்சா, எங்க ஷெட்டு. அப்பா ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்காரு. இஞ்சின் சூடா இருக்கு, டயர்ல சங்ககிரி மண்ணு ஒட்டியிருக்கு, மீட்டர்ல பன்னெண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு, ஆனா வண்டி கெளம்பின எடத்துலயே நிக்குது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா"ன்னு கேட்டுட்டு அப்பா பேப்பரத் திருப்பினாரு.

திரும்பவும் போனோம், ஈரோடு போனோம், நாமக்கல் போனோம், வண்டி போகுது, ஊரு வருது, ஜன்னல்ல கைய நீட்டினா அந்த ஊரு வெயிலு கையில அடிக்குது, கதவத் தொறந்தா ஷெட்டு. வெளியூர்ல வெளிய இருந்து யார் இழுத்தாலும் கதவு அசையறதில்ல, உள்ள இருந்து தொறந்தா ஷெட்டத் தவிர வேற எதுவும் இல்ல. சிக்கந்தர் பாய் வந்து அடியில படுத்து எல்லாத்தையும் பாத்துட்டு எந்திரிச்சு கைய தொடச்சாரு.

"வண்டியில கோளாறு இல்லண்ணே. பால் காய்ச்சிட்டீங்கல்ல, வீடு எப்பிடி எடத்த விட்டுப் போகும்? அது சரியாத்தான் இருக்குது."

அப்பா தலைய ஆட்டினாரு. அப்பறமா ஆறு பழத்தையும் வெச்சு நசுக்கிப் பாத்தோம், சாறுதான் வந்துச்சு.

இதுக்கு அப்பறம் வீதி என்ன பண்ணுச்சுன்னுதான் சொல்லணும், அது பெரிய கூத்து. மொத வாரம் எல்லாரும் வந்து எட்டிப் பாத்தாங்க. ரெண்டாவது வாரம் ராஜாமணியக்கா, "ஊட்டி வரைக்கும் போனா கேரட் வாங்கிட்டு வா சாமி, கம்பிக்குள்ள கைய விட்டு வாங்கிக்கலாம்ல"ன்னு பை குடுத்தாங்க. மூணாவது வாரம் பத்து பை. கன்னியாகுமரில சூரியன் உதிக்கறதப் பாக்கணும்னு வயசானவங்க அஞ்சாறு பேரு வந்தாங்க, கிரில்ல மொகத்த வெச்சு பாத்துட்டு, கதவத் தொறந்து எறங்கி அவங்கவங்க வீட்டுக்குப் போயி இட்லி தின்னாங்க, பஸ்ஸு பிடிக்கற வேலையே இல்ல. புருசன்கூட சண்ட போட்ட பொம்பளைங்க கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்னு இதுல ஏறுவாங்க, அம்மா வீட்டு முன்னாடி நிறுத்தி கம்பி வழியா அழுது தீத்துட்டு, எறங்குனா சொந்த வீதி. டெஸ்ட் பண்ண வந்த வண்டி ஆபீசரு கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு எறங்கினாரு, ஷெட்டுல நின்னாரு, சாப்பாட்டுக் கூடைய ஆபீசுல விட்டுட்டு வந்தோமேன்னு மட்டும் வருத்தப்பட்டுட்டு, இது என் டிபார்ட்மெண்டுல வராதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. அடுத்த வாரம் வேற ஆபீசுல இருந்து வந்து கதவு நம்பர் ஒட்டினாங்க, பதினாலு பார் ஏழு. வோட்டு எழுத வந்த டீச்சரம்மா அந்த நம்பர்ல அக்கா பேர எழுதிட்டுப் போனாங்க.

யாருமே இத சரி பண்ணணும்னு கேக்கல. அப்பா மொகத்துல நான் பொறந்ததுல இருந்து பாக்காத ஒரு நிம்மதி. "எங்க போனாலும் சாயங்காலம் வீடு வந்து சேந்துருதுல்ல, பொண்ணும் சேந்து வந்துருது"ன்னு போறவங்க வர்றவங்ககிட்ட சொல்லிட்டு இருந்தாரு.

ஓட்டறது அக்காவும் நானும். வீதி பூராம் அவள, "ஏனுங்க அம்மிணி, குடுத்து வெச்சவங்க, இன்னிக்கு எந்த ஊரு பாத்தீங்க"ன்னு கேக்கும். அவ ஹம்பியப் பாத்தா, கோதாவரியப் பாத்தா, கடலு மூணு பக்கம் பாத்தா. எல்லாத்தையும் பத்து எம்எம் கம்பி போட்டுப் பாத்தா. முன்னெல்லாம் அவளுக்கு இந்த வீடும் வீதியும்தான் அடச்சு நின்னுச்சு, இப்ப ஊரெல்லாம் சுத்தி அதே வீடு. ஒரு நாள் கிருஷ்ணா ஆத்துப் பாலத்துல நிறுத்தச் சொன்னா. கம்பிக்கு நடுவுல கைய விட்டு விரல மட்டும் விரிச்சு வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னா.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கை மட்டும் ஊருக்குப் போயிட்டு வருது."

நாக்பூருக்கே ரெண்டு தடவ போனோம். ரெண்டு நாள் ஓட்டம், ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேரா நிறுத்தினேன், அவ சீல் வெச்ச ஆர்டரக் கையில பிடிச்சு, தல சீவி, செருப்புப் போட்டு, கண்ண மூடிட்டு கதவத் தொறந்தா. அப்பா ரெண்டு டம்ளர் காப்பியோட நின்னுட்டு இருந்தாரு. ரெண்டாவது தடவ பின்பக்கமா நடந்து எறங்கிப் பாத்தா. அப்பவும் அப்பா, அப்பவும் காப்பி. "சர்க்கர பத்துமா கண்ணு"ன்னு கேட்டாரு, அவ பத்தும்னு சொல்லிக் குடிச்சா.

ஜூலை எட்டாந்தேதி காலையில, ராஜாமணியக்கா ஆதோனி மொளகா வத்தலுக்குச் சொல்லி விட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பினோம். வத்தல் பையும் நிஜமா இருந்துச்சு. கிருஷ்ணகிரி தாண்டினதும் பின்னாடி இருந்து ஒரு சத்தம், கர்ர் கர்ர்னு. கண்ணாடில பாத்தேன். அக்கா அந்தப் பச்சக் கண்ணாடி ஜன்னல் முன்னாடி முட்டி போட்டு, என் பெட்டில இருந்து எடுத்த ஆக்ஸா பிளேட ரெண்டு கையிலயும் துணி சுத்திப் பிடிச்சு, கம்பிய அறுத்துட்டு இருந்தா.

கிரில்லு ஜன்னலோட தேக்குச் சட்டத்துல எறங்கியிருக்கு, அத எடுத்தா சட்டம் பிளக்கும், கண்ணாடியும் போயிரும். அந்தக் கண்ணாடி மாதிரி இன்னொண்ணு இந்த நாட்டுல எங்கயும் கெடைக்காது, நான் அத டூத் பிரஷ்ல தொடச்சு வெச்சவன். சொல்லணும்னு வாயத் தொறந்தேன்.

"வண்டியப் பாத்து ஓட்டு"ன்னா, திரும்பாமயே.

ஓட்டினேன். என் வெல்டிங் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. மொதக் கம்பி பெங்களூர் வரைக்கும் ஆச்சு. ரெண்டாவது அனந்தப்பூர் தாண்டி. மூணாவது கம்பில பிளேடு ஒடஞ்சு, கர்னூல்ல ஒரு ஹார்டுவேர் கட முன்னாடி நிறுத்தி ஜன்னல் வழியா அஞ்சு பிளேடு வாங்கினோம், கடக்காரரு அறுத்த கம்பியப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, நல்ல பிளேடா எடுத்துக் குடுத்தாரு. ஐதராபாத்த அவ நிமுந்துகூட பாக்கல. அடுத்த நாள் நிர்மல் காட்டு ரோட்டுல நாலாவது கம்பி நடக்கறப்போ, கை மாறலாமான்னு கேட்டேன்.

"நீ வெச்சுட்ட. எடுக்கறது நானா இருக்கட்டும்."

திட்டற மாதிரி சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. அதனாலதான் நாக்பூர் வரைக்கும் அது என் காதுல இருந்துச்சு.

பத்தாந்தேதி காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டு. ஏழுல அஞ்சாவது கம்பி ஒடஞ்சு விழுந்தப்போ, சட்டம் மேல இருந்து கீழ வரைக்கும் டப்புன்னு பிளந்துச்சு, பச்சக் கண்ணாடி மொத்தமா வெளிய விழுந்து தூளாச்சு. மொதல்ல பைய எறக்கினா. அப்பறம் செருப்பு. அப்பறம் ஒரு கால், தல, தோளு, பாவாட பிளந்த சட்டத்துல மாட்டி கிழிஞ்சு, பின் டயர் மேல ஒரு கால் வெச்சு எறங்கினா. ஷெட்டு வரல. அப்பா வரல, காப்பி வரல. கண்ணாடித் தூள் மேல எங்கக்கா நின்னுட்டு இருந்தா, ஒரு ஆட்டோக்காரரு பீடியோட அவளையே பாத்துட்டு இருந்தாரு. அவ நாலு அடி நடந்து பாத்தா. கால அகட்டாம நடந்தா.

அப்பறம் திரும்பி வந்து, ரிக் வண்டில கிளீனருங்க ரைட்டு குடுக்கற மாதிரி, பாடில ரெண்டு தட்டு தட்டினா. டொக், டொக். நீ போலாம்.

கதவத் தொறந்தேன். அப்பா ரெண்டு டம்ளரோட நின்னாரு.

"அக்கா எங்கடா?"

"ஜன்னல் வழியா எறங்கிட்டாங்கப்பா."

அவரு டம்ளர கீழ வெச்சுட்டு வந்து, அறுத்த கம்பி ஒவ்வொண்ணோட நுனியையும் விரல்ல தடவிப் பாத்தாரு. பிளந்த சட்டத்தத் தடவினாரு, அது அம்மா தல சாஞ்சு எண்ணெ ஏறின எடம். "உங்கம்மாளுக்கு அன்னிக்குக் கதவு தொறந்துதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

சாப்பிடல. ஒரு நாள், ரெண்டு நாள், மோர மட்டும் குடிச்சுட்டு செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. ராஜாமணியக்கா வந்து ஜன்னல் ஓட்டைய அளந்து பாத்து, "இதுல பலாப்பழமே வரும் போலிருக்குது, பண்ருட்டி எப்ப போற"ன்னு கேட்டுட்டு, உள்ள எட்டிப் பாத்துட்டு, சத்தமில்லாமப் போனாங்க. மூணாம் நாள் நான் அக்காவுக்குப் போன் பண்ணல. ஒரு தடவ பண்ணினதே போதும்னு, அப்பாவத் தூக்கி வண்டிக்குள்ள உக்கார வெச்சு செல்ஃப் அடிச்சேன். எங்கன்னு அவர் கேக்கல.

நாக்பூர்ல கேட்டுக்கு முன்னாடி நிறுத்தி ஆரன் அடிச்சேன், மத்தியான இடைவேளையில அக்கா வெள்ள கோட்டோட வந்தா. ஜன்னலுக்குக் கீழ நின்னு, டிபன் டப்பாவத் தொறந்து, அவ ரூம்ல அவளே வடிச்ச சோறு, ரசம், கத்திரிக்கா பொரியல், எல்லாத்தையும் பெசஞ்சு, எக்கி நின்னு ஒரு வாய் நீட்டினா.

"வேண்டாம் கண்ணு."

"நீங்க வீட்டுக்குள்ளதான உக்காந்துருக்கீங்க. நான்தான வெளிய நிக்கறேன். வாயத் தொறங்க."

நீட்டின கைய அவ எறக்கல. அப்பா அந்தக் கையவே பாத்தாரு, பிளேடு பிடிச்ச கொப்புளம் இன்னும் ஆறாம இருந்துச்சு. வாயத் தொறந்தாரு. முழு டப்பாவும் சாப்பிட்டாரு. அவ ரெண்டு ஆரஞ்சு குடுத்துட்டு, நேரமாச்சுன்னு சொல்லி, பாடில ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனா. அவ கேட்டுக்குள்ள போற வரைக்கும், அப்பா ஜன்னல்ல தலைய வெளிய நீட்டிப் பாத்துட்டு இருந்தாரு. தல போச்சு, கழுத்து போச்சு, தோளு மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரம் அசைச்சுப் பாத்துட்டு, தலைய உள்ள இழுத்துக்கிட்டாரு.

நான் போயி தாழ்ப்பாள்ல கைய வெச்சேன். எடுத்தா ஷெட்டு.

"இரு, தொறக்காத"ன்னாரு அப்பா. ஒரு ஆரஞ்ச உரிச்சு பாதிய எனக்குக் குடுத்தாரு. அப்பறம் என் டூல்ஸ் பெட்டிய எட்டி இழுத்து, அதுல இருந்து டேப்ப எடுத்து, மொதல்ல ஜன்னல அளந்தாரு, அப்பறம் சட்டைக்கு மேல தன் தோள அளந்தாரு.

"நாலு விரக்கட பத்தல"ன்னாரு. "இன்னும் எத்தன கம்பி எடுக்கோணும்?"

"ரெண்டுங்கப்பா."

"பிளேடு மிச்சமிருக்கா?"